ஒதுங்குங்க

பரளச்சிப் பக்கம் ஓர் ஊர். முதல்நாள் கண்மாய்க்கரைச் சீமைக்கருவேலங்காடு எரிந்து, ஒரு வைக்கோல் படப்பும் சாம்பலாகியிருந்தது. தெருவுக்குப் பின்னால் காய்ந்து நின்ற முள்காட்டையும் வழித்துவிட ஊரார் என்னை ஜேசிபியோடு கூப்பிட்டார்கள்.

வாளியை இறக்கும்போது ஓர் அம்மா குறுக்கே வந்து நின்றார். மெலிந்த உடம்பு. செருகிய முந்தானையையே மறுபடி மறுபடி இறுக்கிச் செருகிக்கொண்டிருந்தார். காட்டை ஒட்டிய முதல் வீடு அவருடையது. காற்றும் வீட்டுப் பக்கமே அடித்தது. எனக்கு ஆத்திரம் வந்தது.

“ஒரு பொறி விழுந்தா மொதல்ல ஒங்க வீடுதான் போகும். ஒதுங்குங்கக்கா!”

“ஒதுங்கத்தான் எடம் கேக்குறேன் தம்பி. பொம்பளைக ஒதுங்குற காட்டை வழிச்சுட்டா, விடிஞ்சா நாங்க எங்கிட்டுப் போறது?”

“கக்கூஸ் கெட்டிக் குடுத்தாகள்ல?”

“கெட்டுனாக. தண்ணி?”

வாளியைத் தூக்கி வண்டியைப் பின்னால் எடுத்தேன்.

தீ தாவாதிருக்க வீடுகளை ஒட்டி அகலமாக ஒரு பட்டை மட்டும் வழித்தேன். வெட்டிய முள் கரி சுடும் மூட்டத்துக்கு லோடு போனது. மிச்சக் காடு காய்ந்தபடியே நிற்கிறது. கோடைக்காற்று அடித்தால் எனக்கு அந்த வீட்டு நினைப்புதான்.

இப்போதும் வண்டிக்கு முன்னால் யாராவது நின்றால் ஹாரன் அடிக்கிறேன். அந்த வார்த்தை மட்டும் வாயில் வருவதில்லை.