சிறுகுறிஞ்சானும் ஒரு பிடி சர்க்கரையும்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். காகிதம் என்றாலே பயம். கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுத்துக் கொடுத்த காகிதத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, மனைவிக்குக்கூடச் சொல்லாமல் ஒரு வாரம் திரிந்தேன். சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரை போடுகிறேன். இப்போது கல்லீரலிலும் கொழுப்பு படிந்திருக்கிறதாம். பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள். அவள் ஒரு வழிக்கு வருவதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

நான் கையாளாக வேலை பார்க்கும் கொத்தனாரிடம் மட்டும் சொன்னேன். "குடிக்காமயே ஈரல்ல கொழுப்பா? யாருக்குய்யா காது குத்துற?" என்று சிரித்தார். பிறகு அவரேதான் மலைமேல் கரியாலூரில் மூலிகை விற்கும் அம்மாவிடம் போகச் சொன்னார்.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. சர்க்கரை, ஈரல் கொழுப்பு என்று நான் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வியே, "மாத்திரை போட்டுக்கினு இருக்கியா?" என்பதுதான். ஆமாம் என்றதும் ஒரு இலையை மெல்லச் சொன்னார். ஒரே கசப்பு. துப்பியதும் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் வைத்தார். ஆற்று மணலை மென்றதுபோல் இருந்தது.

"இதாம்பா சிறுகுறிஞ்சான். மென்ன பிறகும் இனிப்பு தெரிஞ்சா அது வேற இலை. வாங்காத."

தன் சரக்கை வாங்குகிறவன் நாக்கிலேயே நிரூபித்துக் காட்டும் வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார்: "டாக்டர கேட்டுட்டுத் தின்னு. மாத்திரையும் இலையும் சேந்தா சர்க்கரை ரொம்ப எறங்கிடும். வூட்லயும் சொல்லி வையி."

இலையை வாங்கி வந்தேன். டாக்டர் திட்டுவாரோ என்று அவரிடம் கேட்கவில்லை. ஓர் இலை போதுமா என்ற பயத்தில் மறுநாள் காலை ஒரு கைப்பிடி மென்றேன். மாத்திரையையும் போட்டேன். ஈரலுக்கு ஆகாதோ என்று சோற்றையும் தொடவில்லை.

வேலைக்குக் கிளம்பும்போது கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவி ஒரு பிடி சர்க்கரையை அள்ளி வாயில் போட்டாள். துப்பினேன்.

"இது சர்க்கரை இல்ல, மண்ணு. இன்னாத்தையோ குடுத்து என்னக் கொல்லப் பாக்குற."

"ஆமா, உன்னக் கொன்னுட்டு ராஜ்யம் ஆளப் போறேன். முழுங்குய்யா."

மறுபடி போட்டுத் தண்ணீரை ஊற்றி விழுங்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. நாக்குக்கு மண்ணாக இருந்தது உடம்புக்குள் போய்ச் சர்க்கரையாகவே வேலை செய்திருந்தது. ஒரு பச்சை இலைக்குள் இத்தனை சாமர்த்தியமா என்று, அந்த நிலையிலும் எனக்கு ஆச்சரியம்.

அப்போதுதான் காகிதத்தையும் இலையையும் அவளிடம் காட்டினேன். அன்றே இலையோடு டாக்டரிடம் இழுத்துப் போனாள். அந்த அம்மா சொன்னது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல இருக்கிற சத்தப் பிரிச்சு, சர்க்கரைக்கும் ஈரல் கொழுப்புக்கும் ஆகுமான்னு ஆராய்ச்சி பண்றாங்க. யாருக்கு எவ்ளோன்னு இன்னும் முடிவாகல. இப்ப நிறுத்துங்க. வேளைக்குச் சாப்பிடுங்க, நடங்க, எடை குறைஞ்சா கொழுப்பும் குறையும். அந்தம்மா உங்களவிட வெவரம்" என்றார்.

இனி இலை வாங்க மாட்டேன் என்று சொல்லத் தயங்கித் தயங்கிக் கரியாலூருக்குப் போனேன். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவே இல்லை. "டாக்டர் நிறுத்துன்னா நிறுத்து. இலை எங்க ஓடிடப் போவுது?" என்றவர், "வூட்ல இப்பவாவது சொன்னியா?" என்று கேட்டார்.

ஆடி கழிந்ததும் அடுத்த ஸ்கேன். பயம் போகவில்லை. ஆனால் இந்த முறை காகிதத்தை வாங்கப் போவது என் மனைவி.