அண்ணா என்று கூப்பிட்ட இளவரசி

1. ஐந்து சாமான்

பெரம்பலூரில் பதிப்பக முதலாளியின் ஆபீஸுக்கு நான் முதன்முதலாகப் போன அன்று, என் கதையை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. காகிதக் கட்டைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, "என்ன கதைங்க?" என்றார். சரித்திரக் காதல் என்றேன்.

"அப்ப அஞ்சு சாமான் வேணுமே. இருக்கா?"

வேஷம், பகை, மழை மண்டபம், சுரங்கம், மோதிரம். எங்கள் தொழிலில் இவைதான் அந்த ஐந்து. இளவரசன் குதிரைக்காரனாக வேஷம் போட்டு வர வேண்டும். பெண் பகை நாட்டுக்காரியாக இருக்க வேண்டும். மழைக்கு இருவரும் ஒரே பாழ்மண்டபத்தில் ஒதுங்க வேண்டும். கடைசியில் மோதிரம் வந்து வேஷத்தை உடைக்க வேண்டும். சுரங்கத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நான் உடையார்பாளையத்துக்காரி. எங்கள் ஊரில் பள்ளம் தோண்டினால் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, "இதான் சுரங்கத்துக்கு வழி" என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள்.

"அஞ்சும் இருக்கு சார். மோதிரம் மட்டும் ரெண்டா இருக்கு" என்றேன். சிரித்துவிட்டார். அன்றைக்கே கதையை எடுத்துக்கொண்டார்.

அரைத்த மாவையே அரைக்கிறாள் என்று என்னைச் சொல்பவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். மழை வரப்போகிறது என்று தெரிந்தேதான் வாசகி அந்த மண்டபத்துக்குள் வருகிறாள். தெரிந்தே வந்தவளை மறுபடியும் நனைய வைக்க வேண்டும், அதுதான் வேலை. அது எனக்கு நன்றாக வரும்.

2. போன் செய்த காரியம்

இப்போதெல்லாம் புத்தகம் ஆவதற்கு முன்னால் கதை முதலாளியின் செல்போன் ஆப்பில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு எபிசோடாக வருகிறது. எனக்கு விரல் மூட்டில் வலி. அதனால் வாயால் சொல்லுவேன், போன் எழுதிக்கொள்ளும்.

அந்த வாரம் கதையின் உச்சம். குதிரைக்காரன்தான் மன்னன் என்று மோதிரம் காட்டிக்கொடுத்துவிட்டது. இளவரசி கண்ணீரோடு அவன் முன்னால் நிற்கிறாள். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, "மன்னா! இனி என் உயிர் உங்களுடையது" என்று உருகினேன். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. போன் "அண்ணா! இனி என் உயிர் உங்களுடையது" என்று எழுதிக்கொண்டது. ப்ரூஃப் பார்க்கிற பெண் லீவு. அப்படியே வெளியே போய்விட்டது.

வாளால் குத்துப்பட்ட கதாநாயகனை மூலிகை வைத்துப் பிழைக்க வைத்துவிடுவேன். ஆற்றில் விழுந்தவனைக் கரை ஒதுக்குவேன். அண்ணா என்று கூப்பிடப்பட்டவனைக் காப்பாற்ற நம் ஊரில் மூலிகையே கிடையாது. கமெண்டில், "அக்கா, ராக்கி கட்டுறது அடுத்த எபிசோடா?" என்று கேட்டிருந்தார்கள்.

முதலாளி போன் செய்தார். "என்ன மேடம், ரெண்டு பேரையும் அண்ணன் தங்கச்சி ஆக்கிட்டீங்க? ஒரு வார்த்தைதானே, மாத்தி வுட்ருங்க."

மாற்றத்தான் உட்கார்ந்தேன். மறுபடி போன் அடித்தது.

3. தா.பழூர் மகேஸ்வரி

"அக்கா, கும்புட்டுக் கேக்கறேன், அந்த 'அண்ணா'வ மாத்திடாதீங்க."

என் புத்தகத்தின் பின்னட்டையில் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தாள். பேர் மகேஸ்வரி, ஊர் தா.பழூர். ஜெயங்கொண்டத்தில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. பேண்ட் துணிப் பிரிவில் முருகேசன். கடையில் மூத்த ஆண்களை எல்லாப் பெண்களும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். இவளும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிட்டுக் கூப்பிட்டே மனசு அவனிடம் போய்விட்டது. அவனுக்கும் அப்படியே.

"வூட்ல சொன்னேன்க்கா. அம்மா ஆடித் தீத்துடுச்சு. 'ஒங்க அண்ணன் வந்துருக்கான்டின்னு நானே எலை போட்டு சோறு போட்ருக்கேன். அவனப் போயி கட்டிக்கிறேங்கிறியே, வாய் கூசல?'ன்னு கேக்குது."

அவளுடைய அம்மா அஞ்சலைக்குக் கண் சரியில்லை. பூக் கட்டிக்கொண்டே என் கதையைக் கேட்பார், மகள் வாசிப்பாள். அந்த 'அண்ணா' வந்ததும் பூவைக் கீழே வைத்துவிட்டாராம். "பாத்தியா, இவளும் ஒன்ன மாதிரியே மாட்டிக்கிட்டா. இவளுக்குக் கதைக்காரம்மா என்ன வழி சொல்லுதுன்னு பாப்போம்" என்றாராம். ஞாயிற்றுக்கிழமை மீன்சுருட்டியிலிருந்து வேறொரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குமுன் இருப்பது ஒரே வெள்ளிக்கிழமை.

எனக்கு உடனே ஒரு வழி தோன்றியது. "பயப்படாத பாப்பா. ஒற்றன் ஒருத்தன் ஒளிஞ்சு கேக்கறான், அவன ஏமாத்தத்தான் இளவரசி அண்ணான்னு கூப்பிட்டதா எழுதிடறேன்."

"வேணாம்க்கா. நான் யாரையும் ஏமாத்தக் கூப்பிடல. அப்ப நெசமாவே அண்ணனாத்தான் நெனச்சேன்."

சொல்லிவிட்டு அழுதாள். ஐந்து சாமானையும் புரட்டிப் பார்த்தேன், ஒன்றும் உதவாது. வேஷம் போட்டது அவனும் இல்லை, இவளும் இல்லை.

4. கீரைக்காரி

'அண்ணா'வை நான் திருத்தவில்லை. அடுத்த எபிசோடில் மன்னனின் தாயைக் கொண்டுவந்தேன். "அண்ணா என்று அழைத்த வாயால் மாலையிடக் கேட்கிறாயா?" என்று அவள் சீறுகிறாள். இளவரசி தலை குனியவில்லை.

"அரண்மனைக்குக் கீரை கொண்டுவருகிறவளைத் தாங்கள் 'வாம்மா' என்றுதான் அழைக்கிறீர்கள். அவள் வயிற்றிலா பிறந்தீர்கள்? முறை தெரியாதவரை மரியாதைக்கு ஒரு முறை வைத்து அழைப்பது நம் வழக்கம். மரியாதைக்குச் சொன்னதும் மெய்தான். இப்போது மனம் சொல்வதும் மெய்தான்."

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "என்னங்க இது, கத்திச் சண்டை இல்ல, சுரங்கம் இல்ல. மாமியாரும் மருமகளும் கீரையப் பத்திப் பேசிட்டு இருக்காங்க."

"போடுங்க சார். எந்த எடத்துல அழுவாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றேன். போட்டார்.

சனிக்கிழமை காலை அஞ்சலையே பேசினார். "கதைக்காரம்மாவா? அந்தக் கீரக்காரி பேச்சு, அது நீங்களா ரோசன பண்ணி எழுதுனதா?"

"ஆமாங்க."

"நானும் பூக்காரிதான். ஊர்ல பாதிப் பேரு என்னிய அம்மாங்கிறான். ஒருத்தனும் சோறு போட்டதில்ல." பிறகு, "மீன்சுருட்டிக்காரவுங்கள வர வேணாம்னு சொல்லிட்டேன்" என்று போனை வைத்துவிட்டார்.

நான் கட்டிலில் உட்கார்ந்து சத்தமாகவே அழுதேன்.

மகேஸ்வரி, முருகேசன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் மணமக்கள் ஒவ்வொரு வரிசையாக விசாரித்துக்கொண்டே வந்தார்கள். என் இலையைப் பார்த்த மகேஸ்வரி பழக்க தோஷத்தில், "அண்ணே, அக்காவுக்கு இன்னொரு அப்பளம் வைக்கச் சொல்லுங்க" என்றாள். பந்தியே கொல்லென்று சிரித்தது. முருகேசன் காது சிவந்து நின்றான்.

அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினார்: "என்னாங்கடி இளிப்பு? கீரக்காரிய அம்மாங்கிறது இல்ல? போயி மோர ஊத்துங்க!"

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு அந்த ஐந்து சாமானையும் நான் தாராளமாகத் தருவேன், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கதாநாயகி கதாநாயகனை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்பதை முதல் எபிசோடிலேயே முடிவு செய்துவிடுங்கள். குக்கரை இறக்கி வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.