கடிச்சாத்தான் மாட்டும்

என் அண்ணி யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார். முகமெல்லாம் அப்புறம். பாதி ஆயுசு செருப்புக் கடையில், பிள்ளைகள் செருப்புப் பக்கம் நின்றவர். கல்யாணமாகி வந்த புதிதில் என்னிடம் பேசிய முதல் பேச்சே, “தம்பி, ஒரு சைஸ் கம்மியா போட்டிருக்கீங்க” என்பதுதான். உண்மைதான். தள்ளுபடியில் வாங்கியது.

ஒரு நாள் கடையை மூடிவிட்டார்கள். முதலாளியின் மகன் அதே இடத்தில் செல்போன் விற்கிறான். சும்மா உட்கார அண்ணிக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கென்றே இருக்கிற பல் ஆஸ்பத்திரி ஒன்றில் உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, போய் நின்றார். எடுத்துக்கொண்டார்கள். காலில் இருந்தவள் வாய்க்கு ஏறிவிட்டாளே என்று அண்ணன் கிண்டல் செய்தான். அழுகிற பிள்ளை இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்று அவன் வாயை அண்ணி அடைத்தார்.

நான் குழாய் வேலை பார்க்கிறவன். பல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், வலித்தால் பிடுங்கு. ஆறு வயசு மகளுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை விழுந்தபோது தெருமுனைப் பல் வைத்தியரிடம் கூட்டிப் போனேன். அவர் அவசரக்காரர். நான் தோளைப் பிடிக்க, அவர் தாடையை அழுத்த, இவள் அவர் விரலைக் கடித்துவிட்டாள். லேசான கடி இல்லை. கையை உதறிக்கொண்டே, இனி பெரிய ஆஸ்பத்திரிதான், மயக்க மருந்து கொடுத்துத்தான் இவளைத் தொட முடியும் என்று அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு ‘முதலை’ என்று பேர். அவள் தாய்மாமன் வரும்போதெல்லாம் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு பேசுவான். எல்லாரும் சிரிப்போம். அவள் சிரிக்க மாட்டாள். வலப்பக்கம் வைத்து எதையும் மெல்வதில்லை. பல் தேய்க்கக்கூட வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். சாப்பாடு குறைந்து, பிள்ளை இளைத்துப் போனாள். மயக்க மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம் என்றாள் என் மனைவி.

அண்ணிதான், எங்கள் டாக்டரம்மா ஒரு தடவை பார்க்கட்டும் என்று கூட்டிப் போனார்.

முதல் நாள் யாரும் அவளைத் தொடவில்லை. செருப்புக் கடையில் உட்காருகிற மாதிரியே அண்ணி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். பல்லுக்கு மாட்டுகிற, எஃகில் செய்த குட்டித் தொப்பி ஒன்றைத் தன் சுண்டுவிரல் நுனியில் மாட்டி, சரியாக இருக்கிறதா பார் என்று கேட்டார். முதலை, ‘இல்லை’ என்று தலையாட்டியது. இன்னொன்று மாட்டினார். அதுவும் சேரவில்லை. பிறகு சின்னக் கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, தன் வாயைத் திறந்து காட்டினார். இவள் எட்டி எட்டிப் பார்த்து, ஒரு பல் கறுப்பாக இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு தன் வாயையும் கொஞ்சம் திறந்தாள்.

டாக்டரம்மா பார்த்தார், எக்ஸ்ரே படம் எடுத்தார். சொத்தை நரம்பைத் தொடவில்லை. மேலே தொப்பி மாட்டிவிட்டால் பத்துப் பதினொரு வயசில் பல் தானாக விழும்வரை தாங்கும். குடைய வேண்டாம், ஊசி வேண்டாம். ஆனால் அவளே ஒத்துழைக்க வேண்டும். தள்ளிப்போட்டு நரம்புவரை போனால், அப்புறம் மயக்க மருந்துதான்.

அடுத்த வாரம் போனோம். நாற்காலியில் ஏறினாள். டாக்டரம்மா அளவான தொப்பியைத் தேர்ந்தெடுத்துக் கையில் எடுத்ததும், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். போச்சு, பெரிய ஆஸ்பத்திரிதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

விரலிடுக்கு வழியாகச் சொன்னாள்: “பெரியம்மா, நான் கடிச்சிருவேன்.”

இத்தனை நாள் வலிக்குப் பயந்து வாயைப் பூட்டியிருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். தன் பல்லுக்கே பயந்திருக்கிறாள், பாவி மகள்.

அண்ணி சிரித்துவிட்டார். “அதுக்குத்தானடி உன்னைக் கூப்பிட்டோம். இது கடிச்சாத்தான் மாட்டும். செருப்பை நீதானே மிதிச்சு உள்ள போடுவ? அந்த மாதிரி.”

அவள் நம்பாமல் டாக்டரம்மாவைப் பார்த்தாள். நன்றாகக் கடிக்கிற ஆள்தான் தேவை, நோஞ்சான் கடி கடித்தால் உட்காராது என்றார் அவர்.

கை இறங்கியது. தொப்பிக்குள் பசையை வைத்து, பல்லின்மேல் பொருத்தி, மேலே பஞ்சுருளை வைத்தார்கள். “இப்ப கடி, முதலை” என்றார் அண்ணி. கடித்தாள் பாருங்கள், நெற்றி நரம்பு புடைக்க. தொப்பி உட்கார்ந்தது. பசை புளிக்கிறது என்பது மட்டும்தான் புகார்.

வீட்டுக்கு வந்தால், தொப்பி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. வாய் சரியாக மூடவில்லை. வாஷர் தடிப்பாகப் போட்ட குழாய் மாதிரி இருக்கிறது, ராவிவிடச் சொல்லுங்கள் என்று அண்ணியிடம் கத்தினேன். ரெண்டு வாரத்தில் படிந்துவிடும் என்று டாக்டரம்மா அங்கேயே சொன்னாரே, உங்கள் காது எங்கே போனது என்று கேட்டார். “புதுச் செருப்பு வாங்குன அன்னைக்கே ஓட்டப் பந்தயத்துக்குப் போவீங்களா?” முணுமுணுத்துக்கொண்டே போனேன். தினமும் காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். படிந்துதான் விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருந்தோம். அவள் தட்டிலிருந்த கேரட்டை எடுத்து, வலப்பக்கம் வைத்து ஒரு கடி. அந்தச் சத்தத்தில் என் மனைவி கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. நேரம் பார்த்து உள்ளே வந்த தாய்மாமன், வழக்கம்போலக் கையைப் பின்னால் ஒளித்தான்.

வெள்ளிப் பல் தெரிய வாயைத் திறந்து காட்டினாள். “பயப்படாதீங்க மாமா. இப்பல்லாம் சொன்னாத்தான் கடிப்பேன்.”

அண்ணி எதுவும் கேட்காதவர்போல் மாமனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.