குழியும் தட்டும்

ஐப்பசி மழையில் நைனா இறந்தார். போகிக்கு அவருக்கு முதல் படையல். இடைப்பட்ட மாதங்களில் நான் கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலேறிக் கல்லூரிக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். யாராவது அவரைப் பற்றிப் பேசினால் அடுத்த தெருச் செய்திபோலக் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் படையலில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் சிறு குழி தோண்டி, வாழையிலையை அதில் அழுத்தி, கேழ்வரகுக் கூழ் ஊற்றுவோம். வடையும் கருவாட்டுக் குழம்பும் அதைச் சுற்றித்தான். அது ஏதோ சாமி முறை என்றே நினைத்திருந்தேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிறகுதான் அம்மா சொன்னாள். பண்ணையில் தாத்தாவுக்குப் பாத்திரம் தரமாட்டார்களாம். களத்தோரம் அவரே குழி தோண்டி இலை போட்டுக்கொண்டால், எட்ட நின்று ஊற்றுவார்களாம். சிறுவனாக நைனாவும் அப்படிக் குடித்தவர்தான்.

போகியன்று பெரியப்பா குழி தோண்டக் களைக்கொட்டோடு வந்தபோது, நைனாவுக்குக் குழி வேண்டாம் என்றேன். தொழிற்சாலையில் அவர் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அங்கே வாங்கிய முதல் சம்பளத்தில் ஓர் எவர்சில்வர் தட்டு வாங்கினார். கடைக்காரர் அதில் நைனாவின் பேரை வெட்டுவதற்குத் தாளில் எழுதிக் கொடுத்தவள் நான். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த முதல் ஆள். அந்தத் தட்டில்தான் படைக்க வேண்டும் என்றேன்.

பெரியப்பா கோபப்படவில்லை. "உங்க தாத்தன் குழியாண்டதான் வந்து குந்துவாரு. உங்க நைனா மட்டும் தனியா தட்டு வெச்சுக்கினு துன்னுவானா?" என்றார். அம்மா கூழ்ச்சட்டியோடு நிலைப்படியில் நின்றாள். பெரியப்பா மறுபடி கேட்டார்.

"காலேஜுல பட்க்கிறியே, உன் பொஸ்தவத்துல இந்தக் குழி கீதா?"

அந்தப் பருவத்தில் ஒரு கோயில் கல்வெட்டைப் பாடமாகப் படித்திருந்தோம். திருவிழா நாளில் சாமிக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு நெய், எவ்வளவு மிளகு, விளக்குக்கு யார் எண்ணெய் கொடுப்பது, எல்லாம் அதில் இருந்தது. மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அந்த நெல்லை அறுத்தவர்கள் எதில் சாப்பிட்டார்கள் என்று ஒரு வரியும் இல்லை.

"இல்ல பெரியப்பா."

வாசலில் இந்தக் குழியையும் விட்டுவிட்டால், தாத்தா குடித்த குழி எங்குமே இருக்காது என்று தோன்றியது. அந்த எண்ணம் கணக்குக்கு விடை வருவதுபோல வந்தது, துக்கமாக இல்லை. அவர் கையிலிருந்த களைக்கொட்டை வாங்கி நானே தோண்டினேன். இலையை அழுத்தினேன். தட்டைக் குழியின் விளிம்பை ஒட்டி வைத்தேன். அம்மா குழியில் ஊற்றிவிட்டுத் தட்டிலும் ஊற்றினாள்.

பெரியப்பா குனிந்து தட்டின் எழுத்துகளை விரலால் தடவினார். படிக்கச் சொன்னார். நைனாவின் பேரைப் படித்தேன்.

"எங்க அப்பன் பேரு எங்கனா எழுதிக்கீதா?"

இல்லை என்றேன். அவர் கற்பூரம் ஏற்றினார்.

கும்பிட்டு முடிந்ததும், யாரும் கால் இடறக் கூடாதென்று எப்போதும்போல் பெரியப்பா குழியை மூடி மிதித்துவிட்டார். நான் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு கல்லூரி நோட்டை எடுத்துத் தாத்தாவின் பேரை முதல் வரியில் எழுதினேன். அதன் கீழே குழி, இலை, கூழ், ஊற்றியவர் நின்ற தூரம். பரீட்சைக்கு எழுதுவதுபோலவே, அடித்தல் இல்லாமல் எழுதினேன்.