தடியின் மறுமுனை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். போன சனிக்கிழமை காலை என் இரண்டு கண்ணாலும் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ராமாமணி. வயது ஐம்பத்தெட்டு. வீட்டுக்காரர் பங்காரு, பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு செட் பட்டறை வைத்திருந்தார். இருபத்திரண்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் இருவரும் பாலமலைக்கு நடந்தே ஏறினோம். கோயிலுக்குப் போகிற வழி, சொந்தக்காரர்கள் யாராவது பார்ப்பார்கள் என்று கையைப் பிடிக்க அவருக்குக் கூச்சம். ஏற்றம் வந்தால் மூங்கில் தடியைப் பின்பக்கம் நீட்டுவார். மறுமுனையை நான் பிடித்துக்கொள்வேன். "தடிய உடாத அம்மணி" என்பார். எங்கள் கொஞ்சல் எல்லாம் அவ்வளவுதான்.

பட்டறை ஆள் அந்தத் தடியைத் தொட்டால்கூட எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வருடம் அவர் இறந்தபோது, வேறு யாரும் பிடிக்கக் கூடாதென்று சிதையில் அவரோடு வைத்து எரித்துவிட்டேன்.

சனிக்கிழமை முதல்முறையாகத் தனியே ஏறினேன். கிளம்பும்போது மணி 5.50. நல்ல பனி.

6.20. டக்... டக்...

முன்னால் யாரோ தடி ஊன்றி ஏறும் சத்தம். துணைக்கு ஆள் இருக்கிறது என்று தெம்பாகத்தான் இருந்தது.

6.26. வளைவில் திரும்பினேன். பனிக்குள் ஒரு முதுகு. இடது தோள் கொஞ்சம் இறங்கிய முதுகு. முப்பத்து நாலு வருடம் பார்த்த முதுகு எனக்குத் தெரியாதா?

தடியின் நடுவில் நீல இன்சுலேஷன் டேப். விரிசல் விட்டபோது நான் சுற்றியது.

பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. தடியின் மறுமுனையை ஒருத்தி பிடித்திருந்தாள்.

செத்த பிறகும் ஒருத்தி கேட்கிறதா இந்த மனுஷனுக்கு? தலையில் முக்காடு. முகம் தெரியவில்லை. காலில் ஊதா ஷூ. ஒன்றில் மஞ்சள் லேஸ், இன்னொன்றில் பச்சை லேஸ். என்ன மினுக்கு!

வேகமாக ஏறினேன். தூரம் குறையவே இல்லை.

"தடிய உடாத அம்மணி."

அவர் குரல். அவளிடம்.

"ஏனுங்க, மெதுவா போங்க..."

அவள் குரல். எங்கேயோ கேட்ட குரல்.

"ஏனுங்க!" என்று கத்தினேன்.

இருவரும் நின்றார்கள்.

அவர் திரும்பவில்லை.

அவள் மெல்லத் திரும்பினாள்...

பனி மூடியது.

6.31. பாதையில் யாரும் இல்லை.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஐந்து நாள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. புருஷனை எவளிடமோ பறிகொடுத்ததை யாரிடம் போய்ச் சொல்வது?

நேற்று சாயங்காலம் மகள் லாஸ்யா சூலூரிலிருந்து வந்தாள். கையில் ஒரு பெட்டி.

"செருப்போட மலையேறாதம்மா. இதப் போட்டுக்க."

பிரித்தேன். ஊதா ஷூ. ஒன்றில் மஞ்சள் லேஸ். இன்னொன்றில் பச்சை.

"இது... எப்ப வாங்கின?"

"ஞாயித்துக்கிழமைம்மா. ரெண்டுமே மஞ்சளாத்தான் இருந்துச்சு. திங்கக்கிழமை நாய் ஒண்ணக் கடிச்சுபோட்டுது. என்ற பழைய ஷூவுல இருந்த பச்சையக் கோத்துபோட்டேன்."

நான் பார்த்தது சனிக்கிழமை.

போட்டுப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. பயமாக இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தடியைப் பிடித்திருந்தாளே, அவள்மேல் இன்னும் பொறாமை தீரவில்லை.

ஷூ வாசலில் இருக்கிறது. நாளைக்குச் சனிக்கிழமை.