பூவம்மா கடைக்கு எதிரே நிற்கும் வண்டி

கெங்கம்மா தைத்த தார்ப்பாயில் மழை ஒழுகியது என்று எந்த லாரிக்காரனும் வந்து நின்றதில்லை. தண்டையார்பேட்டையில் ஒரே கடையில் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து தைத்தோம். கைவேலை அவ்வளவு சுத்தம். ஆனால் புருஷன் பேச்சு வந்துவிட்டால் அவளுக்கு மூளை வேலை செய்யாது. குணசேகரன் எந்தப் பொம்பளையிடமாவது மணி கேட்டால்கூட இவளுக்கு வயிறு எரியும். மறுநாள் மிஷினை மிதிக்கிற மிதியிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

குணசேகரன் டிரெய்லர் டிரைவர். துறைமுகத்தில் கண்டெய்னரை ஏற்றிக்கொண்டுபோய் மாதவரத்தில் இறக்குவான். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷ மழையில் டேங்க் மூடி வழியாக டீசலில் தண்ணீர் இறங்கி, எஞ்சின் விட்டுவிட்டு ஓடியது. கெங்கம்மா ரெக்சினும் பழைய டியூப் ரப்பரும் வைத்து அந்த மூடிக்கு ஓர் உறை தைத்தாள். இரட்டைத் தையல் போட்டு, இழுத்துக் கட்ட வாரும் வைத்துக் கொடுத்தாள். தண்ணீர்த் தொல்லை அத்தோடு போனது.

அது போய் வேறொன்று வந்தது. கண்டெய்னரோடு திருவொற்றியூர் பங்க்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினால், மாதவரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இழுவை செத்து வண்டி நின்றுவிடும். வாரத்தில் மூன்று நாளாவது நிற்கும். பத்தடி முன்னே பின்னே இருந்தாலும், நிற்கிற இடம் பூவம்மா என்கிறவளின் டிபன் கடைக்கு எதிரில்தான். குணசேகரன் இறங்கி, மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்ப்பான். ஃபில்டரில் புகுந்த காற்றை வெளியே எடுத்துவிடுவான். வண்டி கிளம்பிவிடும். அதற்கு முன் இட்லி சாப்பிட்டிருப்பான்.

ராயபுரத்து மெக்கானிக் உசேன் பாய் ஃபில்டரை மாற்றினார். டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற சின்னப் பம்ப்பைப் பிரித்துப் பூட்டினார். ரப்பர் ஓஸ் எல்லாம் புதுசாகப் போட்டார். அவருடைய ஷெட்டில் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் எஞ்சின் நிற்கவே இல்லை.

"ஷெட்டுல நல்லா ஓடுதாம். அவ கடைய கண்டா மட்டும் நின்னுக்குதாம். இத்த நான் நம்பணுமாடி?" என்று கெங்கம்மா என்னைக் கேட்டாள்.

பூவம்மாவை அவள் பார்த்ததே இல்லை. பார்க்காமலே அவளுக்கு நிறம், மூக்குத்தி, கன்னத்துக் குழி எல்லாம் வைத்துவிட்டாள். குணசேகரன் வீட்டுக்கு வந்ததும் சட்டையை மோந்து பார்ப்பாள். சாம்பார் வாசனை அடித்தால் அந்த வாரம் முழுக்க வீட்டில் சாம்பார் கிடையாது. நானும் சும்மா இருக்கவில்லை. "இட்லி எப்பிடின்னு கேட்டியா?" என்று கிண்டிவிடுவேன். வேண்டாத வேலைதான்.

ஒருநாள் அவள் வண்டியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். உசேன் பாயையும் விடாமல் கூடவே ஏற்றிக்கொண்டாள்.

"வண்டி தானா நின்னா நான் வாய தொறக்கல. நீ நிறுத்தினேன்னு வையி, எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் வந்து கூப்புடாத," என்றாள் புருஷனிடம்.

வழியெல்லாம் அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, அவன் காலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மணலி தாண்டி, கடை தெரிகிற தூரத்தில் எஞ்சின் சத்தம் இறங்கியது. அவன் ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதித்தான். வண்டி இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றது.

"நின்னுகிச்சா? வா, இட்லி வெந்துகினு கீது," என்று கடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

பூவம்மா வெளியே எட்டிப் பார்த்தாள். மூக்குத்தியும் இல்லை, குழியும் இல்லை. இவள் வயதுதான் இருக்கும். அடுப்புப் புகையில் கண் சிவந்து, நைட்டிமேல் துண்டு போட்டிருந்தாள். கெங்கம்மாவுக்கு அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. அழகியாக இருந்தாலாவது சரி என்று விடலாம்.

"டீசல் வரலன்னு கத வுடுவ. நானே பாக்கறேன்," என்று கெங்கம்மா குதித்து இறங்கி, வாரை அவிழ்த்து, உறையை உருவி, மூடியைத் திருகினாள்.

உஸ்ஸென்று ஒரு சத்தம், நீளமாக. டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. அந்தப் பக்கம் ஃபில்டரிடம் குனிந்திருந்த உசேன் பாய் ஓடி வந்தார். டீசல் ஏற்றுகிற கைப்பம்ப்பை நாலு அழுத்து அழுத்தி, "இப்ப ஸ்டார்ட் பண்ணு குணா," என்றார். எஞ்சின் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது.

"டீசல் கொறய கொறய அந்த எடத்துக்கு காத்து வரணும். மூடியில அதுக்குன்னு ஓட்ட கீது. காத்து போவலன்னா டேங்க் உள்ளாற இறுகிக்கும், பம்ப்பால டீசல இழுக்க முடியாது. டேங்க் ஃபுல்லா கீறப்ப சீக்கிரமே ஆயிடும்," என்றார் பாய். "ஷெட்டுக்கு வந்ததும் மொதல்ல நானே இந்த உறைய உருவிட்டு மூடிய தொறந்துதான பாப்பேன். வண்டி கெளம்பறப்பதான் திரும்ப மாட்டுவேன். அதோட கோளாறு போயிடும். எனக்கு இன்னா தெரியும்?"

பிறகு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த யாரு தச்சது? எறும்புகூட பூராது."

குணசேகரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தான்.

"இத்தினி மாசமா அவன இட்டுகினு போய் அவ வாசல்ல நிறுத்தினது நான்தான்டி," என்று மறுநாள் என்னிடம் சொல்லி அழுதாள். அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தாள். புருஷன் பொய் சொல்லவில்லை என்பதில் அவளுக்கு அவ்வளவு நிம்மதி. உறையைப் பிரித்து, காற்று போக வழி விட்டுத் தைத்தாள். வண்டி அதற்குப் பிறகு எங்கேயும் நிற்கவில்லை. வீட்டில் சாம்பார் கொதித்தது. எனக்குத்தான் கடையில் பொழுது போகவில்லை.

ஆடி மாசம் கெங்கம்மா மாதவரத்தில் தன் அக்கா வீட்டுக்குப் போவதற்காக அதே வண்டியில் ஏறினாள். எஞ்சின் நன்றாக இழுத்தது. பூவம்மா கடை தெரிந்ததும் வேகம் குறைந்தது. கெங்கம்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சத்தம் இறங்கவில்லை, குலுக்கலும் இல்லை. வண்டி அழகாக இடது பக்கம் ஒதுங்கி நின்றது.

"இன்னாய்யா, மறுபடியும் நின்னுகிச்சா?"

அவன் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். "இல்லமே, நான்தான் நிறுத்தினேன். இத்தினி நாளு சாப்ட்டுட்டு, தாண்டிப் போவ ஒரு மாதிரியா கீது," என்றான்.

பொய் சொன்னால் எப்படி மடக்குவது என்று அவள் மாதக்கணக்கில் யோசித்து வைத்திருந்தாள். இப்படி உள்ளதைச் சொன்னால் என்ன செய்வது என்று யோசித்ததில்லை. அவன் இறங்கிக் கடைக்குள் போனான். அவன் கேட்காமலே பூவம்மா தட்டு வைத்து, காரச் சட்னியை மட்டும் ஊற்றினாள்.

கெங்கம்மா அம்மா வீட்டுக்குப் போகவில்லை. இறங்கிப் போய், பெஞ்சில் அவனை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, "எனக்கும் நாலு வையி," என்றாள்.

அந்த வாரம் அவள் மிதித்த மிதியில் மிஷின் பெல்ட் அறுந்தது. கதையெல்லாம் கேட்டுவிட்டு, "இட்லி எப்பிடிடி?" என்று நான் கேட்டேன்.

"நல்லா கீதுடி," என்றாள். "நம்ம வூட்டுல நான் சுடறதவிட நல்லா கீது. அத்தான் என்னால தாங்க முடியல."