பாஸ்கர் படத்துக்கு நான் போட்ட கட்டைவிரல்

பாஸ்கர் போய்விட்டார். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே.

வெள்ளிக்கிழமை மதியம் நம்ம ரைடிங் குரூப்பில் செய்தி வந்தது. அதற்கு முதல் ஆளாகக் கட்டைவிரல் போட்டவன் நான்.

அதோடு விட்டேனா... "நான் ரெடி தம்பி. கடைசி வண்டி வந்துரும்" என்று பேசியும் அனுப்பினேன். சிரித்துக்கொண்டே.

காந்தி மார்க்கெட்டில் என் இலைக்கடைப் பக்கம் குரூப் ஆள் யாராவது வந்தால், இப்போது வாழையிலைக் கட்டுக்குப் பின்னால் குனிந்துகொள்கிறேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டுமானால், எழுபது வயது வரைக்கும் மறைத்து வைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தெரியாதவர்களுக்கு... பாஸ்கர் ஸ்ரீரங்கத்துக்காரர். புதிதாக பைக் எடுத்தவர்களை ஞாயிற்றுக்கிழமை சேர்த்துக்கொண்டு, கூட்டமாக ஓட்டப் பழக்குவார். முந்தக் கூடாது, ரேஸ் கூடாது. திருப்பம் வந்தால் முன்னால் போகிறவர் நின்று, கடைசி வண்டியைப் பார்த்த பிறகுதான் கிளம்ப வேண்டும்.

கடைசி வண்டிக்காரர் கட்டைவிரலைத் தூக்கினால் எல்லாரும் வந்தாச்சு என்று அர்த்தம். போனிலும் அதே பழக்கம். ரைடு அறிவிப்பு வந்தால் கட்டைவிரல்.

நான் முசிறியிலிருந்து இலைக்கட்டு ஏற்றிக்கொண்டு நாற்பது வருஷம் வண்டி ஓட்டியவன். வீட்டு விசேஷத்துக்கு இலை வாங்க வந்த பாஸ்கர், "ஒரு இலைகூட கிழியாம ஓட்டிட்டு வர்றீங்களே அண்ணே... நம்மகூட வாங்க" என்றார். அப்படித்தான் போனேன்.

முதல் நாள் டோல்கேட் டீக்கடையில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ரூல் எல்லாம் அச்சடித்த தாள். ஒவ்வொருத்தரும் ஒரு ரூலைச் சத்தமாகப் படிக்கணும்.

என் முறை வந்தது. "கண்ணாடி எடுத்துட்டு வரலைங்க" என்றேன்.

"அப்ப பாக்கெட்டுல இருக்கறது கூலிங் கிளாஸா ஐயா?" என்று ஒருத்தர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது... இதோ, இப்போது சொல்லிவிட்டேன்.

பாஸ்கர் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அண்ணன்தான் கடைசி வண்டி. அதுக்கு ஒரே ரூல்தான், படிக்கவே வேணாம். ஒருத்தரையும் விட்டுட்டு வரக்கூடாது."

அன்று சாயங்காலம் என் போனுக்கு மட்டும் தனியாக அவர் குரல் வந்தது. "அண்ணே, அடுத்த ஞாயிறு ஆறு மணி. அதே டீக்கடை."

அதற்குப் பிறகு குரூப்பில் எழுத்து வந்தால், கொஞ்ச நேரத்தில் எனக்குக் குரல் வரும். ஏன் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

ஒரு தரம் மருங்காபுரி தாண்டி ரோடு ரெண்டாகப் பிரிந்தது. என் முன்னால் போன திவ்யா பின்தங்கிவிட்டது. புதுசாக வண்டி பழகுகிற பொண்ணு. முன்னால் ஒருத்தரும் தெரியவில்லை.

"அந்த போர்டுல என்ன அங்கிள் போட்டிருக்கு? எனக்கு வெயில் அடிக்குது, தெரியல."

எனக்கு வேர்த்துவிட்டது. "போர்டு கிடக்கட்டும்மா. நில்லு. ஆள் வரும்" என்றேன். திரும்பி வந்த பாஸ்கர் அந்தப் பொண்ணிடம், "இதாம்மா ரூல். ஆள் தெரியலைன்னா நிக்கணும். அண்ணன்கிட்ட கத்துக்க" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. சிரித்திருப்பார்...

அந்த வெள்ளிக்கிழமை குரூப்பில் வந்ததும் அவர் படம்தான். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிப் பக்கத்தில் நிற்கிற படம். ஒவ்வொரு ரைடு அறிவிப்புக்கும் அவர் போடுகிற அதே படம், கீழே நாலு வரி எழுத்து.

கட்டைவிரல் போட்டுவிட்டு அவர் குரலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. வேலையாக இருப்பார் என்று நினைத்தேன். மறுநாள் முகூர்த்தம், கடையில் கூட்டம். போனைத் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு டீக்கடையில் நான் மட்டும் ஹெல்மெட்டோடு நின்றேன். அரை மணி பார்த்துவிட்டு திவ்யாவைக் கூப்பிட்டேன்.

"ஒருத்தரையும் காணோமேம்மா. பாஸ்கர் தம்பி எங்க?"

"நேத்தே எடுத்தாச்சு அங்கிள்."

"எதைம்மா?"

அப்புறம்தான் சொன்னது. "குரூப்ல போட்டிருந்தோமே அங்கிள்... நீங்க ரெடின்னு பேசினதை அக்கா கேட்டாங்க. எழுந்து உள்ள போயிட்டாங்க."

அக்கா என்றது பாஸ்கர் வீட்டம்மாவை.

"போன் ரிப்பேரும்மா" என்றேன். அப்போதும் பொய்தான்.

அவரை எடுத்துப்போன வண்டிக்குப் பின்னால் பைக் எல்லாம் ரெண்டு வரிசையாக, முந்தாமல் போனதாம். பாலத்து முனையில் கொஞ்ச நேரம் நின்றார்களாம். கடைசி வண்டி வரவில்லையே என்று...

அவர் வீட்டுத் தெருமுனை வரைக்கும் ரெண்டு தரம் போய்த் திரும்பிவிட்டேன். உள்ளே போனால், ஏன் அப்படிப் பேசினாய் என்பார்கள். போன் ரிப்பேர் என்று அந்தம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. போகாமல் இருந்தால், வேண்டுமென்றே செய்தவன் ஆகிறேன். இஞ்சினை நிறுத்தாமலே நின்றுவிட்டு வந்தேன், ரெண்டு தரமும்.

இதையும் மைக்கை அமுக்கிப் பேசுகிறேன். போன் என்ன எழுதியிருக்கிறதோ, எனக்குத் தெரியாது. திவ்யா, தப்பு இருந்தால் திருத்தி, அக்காவுக்குப் படித்துக் காட்டும்மா. பதினாறாம் நாள் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்.

கீழே யாரும் எழுத வேண்டாம். திட்டுவதானாலும் பேசி அனுப்புங்கள். இனிமேல் எனக்குப் படித்துச் சொல்ல ஆள் இல்லை.

பாஸ்கர் தம்பி... திருப்பத்துல நிக்காதீங்க. போங்க. கடைசி வண்டி வந்துரும்.